அண்ணாவை விட நான் இப்ப 33 வயசு மூப்பு

வந்த கடிதம் (சுருக்கி, ஆள் அடையாளம் தெரியாம மாத்திப் போட்டிருக்கு):

"வணக்கம் தங்கச்சி. நான் விசுவமடுப் பக்கம். வாற ஆவணியோட எனக்கு 60. நான் பிறந்த விசுவாவசு வருசம் திரும்பி வந்திருக்கு எண்டு கோயில் ஐயா சொன்னவர். கனடாவில இருக்கிற மகன் ஹோல் எடுத்து கேக் வெட்டிச் செய்வம் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். எனக்கு மனம் வரேல்ல. என்ர மனுசன் 2009 சித்திரையில மாத்தளனில செல் அடியில போனவர், அப்ப அவருக்கு 48. அண்ணா 1990 இல பொம்மர் அடிச்சதில போனவர், 27 வயசு. இப்ப அண்ணாவை விட நான் 33 வயசு மூப்பு, அண்ணா எண்டு சொல்லவே ஒரு மாதிரிக் கிடக்கு. போன கிழமை பேரன் சுவரில கிடக்கிற படத்தைக் காட்டி அம்மம்மா இந்த அண்ணா ஆர் எண்டு கேட்டான், நான் பதில் சொல்லாம குசினிக்குள்ள போட்டன். அந்தப் படம் 2009 இல சொப்பிங் பையால சுத்தி நெஞ்சுக்க வச்சுக் கொண்டு வந்தது, ஈரம் பட்டு ஒரு மூலை கழண்டு போச்சு.

வெக்கத்தை விட்டு ஒண்டு கேக்கிறன். எனக்கு இப்ப கொஞ்ச நாளா சந்தோசமாக் கிடக்கு. முழங்கால் நோகுது, தலை முழுக்க நரை, ஆனா விடியக்காலமை தேத்தண்ணியோட வெளியில இருக்கேக்க இவ்வளவுக்கும் இருந்திட்டன் எண்டு ஒரு நன்றி மாதிரி வருது. அண்டைக்கு மகள் ரோட்டில பாலைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தா, திண்டு உதடு ஒட்டிப் போச்சு, நான் சத்தமாச் சிரிச்சிட்டன், சிரிச்ச கையோட அண்ணா றலி சைக்கிளில என்னை ஏத்திக்கொண்டு பழம் பிடுங்கப் போனது ஞாபகம் வந்து நெஞ்சைப் பிடிச்சிட்டுது. அவையள் இல்லாம நான் மட்டும் கிழவியாகிறதுக்குச் சந்தோசப்படலாமோ? போனில ஆரோ அனுப்பினவை, வயசு போறது ஒரு வரம், ஒவ்வொரு நாளும் ஐஞ்சு விசயத்துக்கு நன்றி எழுதுங்கோ எண்டு. கொப்பி வாங்கி ரெண்டு நாள் எழுதினன், மூண்டாம் நாள் ஏலாமப் போச்சு. எனக்கு விசர் கிசர் பிடிக்குதோ தெரியேல்ல."

பதில்:

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன். விசர் இல்லை. சிரிச்சுப்போட்டு அழுறதும், அழுதுபோட்டு அடுத்த நேரம் பசிக்குதெண்டு சாப்பிடுறதும் விசர் எண்டா வன்னியில ஒரு வீட்டிலயும் சுகமான ஆள் இருக்கேலாது.

பாலைப்பழ விசயத்தில நானும் கொஞ்ச நேரம் வாசிக்காம நிண்டிட்டன். 95 இடப்பெயர்வில கிளாலிக் கடலால வள்ளத்தில வந்த சனத்தில நானும் ஒருத்தி, அப்ப 24 வயசு, அடுத்த ஆனி மாசம் அக்கராயனில முதல்முதல் கை நிறையப் பாலைப்பழம் திண்டு உதடு ரெண்டும் ஒட்டி வாய் திறக்கேலாம நிக்க, பக்கத்து வீட்டுப் பெடியள் யாழ்ப்பாணத்தா பேசாமல் போனா எண்டு சொல்லிச் சிரிச்சவங்கள். அந்தப் பெடியளில ரெண்டு பேர் இப்ப இல்லை. பழம் கண்டா எனக்கும் முதல் சிரிப்புத்தான் வரும், பிறகுதான் மற்றது வரும். அதால உங்கட கேள்விக்கு நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம்.

இப்ப அந்த நன்றிக் கொப்பி. அதுக்குப் பின்னால உண்மையா ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2003 இல எமன்ஸ், மக்கலோ எண்டு ரெண்டு அமெரிக்க உளவியலாளர் எழுதினது. முதல்ல செய்தது பல்கலைக்கழகப் பிள்ளையளோட, அதுவும் கிழமைக்கு ஒருக்கா எழுதச் சொல்லி 10 கிழமை. ஒரு பகுதிக்கு நன்றியான விசயம் எழுதச் சொன்னவை, இன்னொரு பகுதிக்கு அலுப்புத் தந்த விசயம் எழுதச் சொன்னவை, நன்றி எழுதின ஆக்கள் கொஞ்சம் தெம்பா இருந்தினம். பிறகு நாளாந்தம் எழுதச் சொல்லியும், நரம்பு தசை வருத்தக்காரரோடயும் செய்து பாத்தவை. நல்ல ஆராய்ச்சிதான், நான் குறை சொல்லேல்ல. ஆனா அது கை மாறிக் கை மாறி உங்கட போனுக்கு வரேக்க, ஒவ்வொரு நாளும் எழுது, எழுதாட்டி உனக்குத்தான் நட்டம் எண்ட மாதிரி ஒரு வீட்டுவேலையா மாறிப் போச்சு. அதோட நீங்கள் ஐஞ்சு விசயம் எழுத இருக்கேக்க ஆறாவதா மனசில வாறது ஆர் எண்டு அனுப்பின ஆளுக்குத் தெரியாது. கொப்பியை மூடினது உங்கட பிழை இல்லை. பேரனுக்குக் கீறக் குடுங்கோ.

இதில நானே ஒரு பெரிய பிழை விட்டனான், சொல்லுறன். 2009 கடைசியில செட்டிகுளம் மெனிக்பாம் அகதி முகாமில நான் வேலை செய்தனான், அப்பதான் உளவளத்துணைப் பயிற்சி முடிச்ச கை. ஒரு அம்மா, ரெண்டு பிள்ளையளைக் குடுத்திட்டு வந்தவ, டென்டுக்குள்ள நிலத்தைப் பாத்தபடி இருந்தா. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல, தெரியாத இடத்தில சும்மா இருக்கலாம் எண்டும் அப்ப எனக்குத் தெரியேல்ல. நீங்களும் மற்றப் பிள்ளையும் உயிரோட வந்ததே பெரிய விசயம் அம்மா, அதை நினைச்சு நன்றி சொல்லுங்கோ எண்டன். அவ தலையை நிமித்தி என்னைப் பாத்து "ஆருக்கு பிள்ளை நன்றி சொல்ல?" எண்டு கேட்டா. கோவமாக் கூட இல்லை, உண்மையாவே விலாசம் கேக்கிற மாதிரிக் கேட்டா. பிறகு எழும்பித் தண்ணி வரிசைக்குப் போட்டா, அதுக்குப் பிறகு என்னட்ட வரவே இல்லை. 16 வருசமாச்சு, அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் நன்றி சொல்லுங்கோ எண்டு சொல்லுறேல்ல.

ஆனா உங்கட கதை வேற அக்கா. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லாம, கொப்பிக்கு முதலே, விடியக்காலமைத் தேத்தண்ணியோட அது தானா வந்திருக்கு. கேட்டு வாங்கின நன்றிக்கும் தானா வந்த நன்றிக்கும் நான் பாக்கிற பெரிய வித்தியாசம் இதுதான், கேட்டு வாங்கினது இழவை மறைக்கச் சொல்லும், தானா வந்தது இழவுக்குப் பக்கத்திலயே வந்து குந்தியிருக்கும், உங்கட பாலைப்பழத்தோட அண்ணா வந்த மாதிரி.

சரி, 43 வயசில வராத சந்தோசம் 60 இல ஏன் வருது? நீங்கள் நேராக் கேக்கேல்ல, ஆனா கடிதம் முழுக்க அந்தக் கேள்வி கிடக்கு. லோரா காஸ்டென்சன் எண்டு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில ஒரு பேராசிரியை, கன வருசமா வயசு போறதைப் பற்றி ஆராயிறவ. அவ சொல்லுறது என்னெண்டா முன்னால கிடக்கிற காலம் கொஞ்சம்தான் எண்டு மனசுக்கு விளங்கேக்க மனுசர் பெரிய திட்டங்களைக் கைவிட்டிட்டு கிட்டடியில இருக்கிற ஆக்களையும் இப்ப கையில இருக்கிறதையும் கூடக் கவனிக்கத் தொடங்குவினம், அதால வயசு போன கன பேர் நாங்கள் நினைக்கிறதை விட நிம்மதியா இருக்கினம். வயசு மட்டும் இல்லை, காலம் குறுகிப் போச்செண்டு தெரிஞ்சா இளம் ஆக்களுக்கும் அப்பிடித்தானாம். இதை நான் முதல் வாசிக்கேக்க எங்கட சனத்துக்கு இது புதுசே எண்டுதான் நினைச்சன், பங்கருக்குள்ள இருந்த 20 வயசுப் பிள்ளையளுக்கும் காலம் குறுகித்தானே கிடந்தது, ஆனா அங்க பயம் எல்லாத்தையும் திண்டிட்டுது. இப்ப உங்களுக்கு முதல் முறையா பயம் இல்லாம காலம் குறுகுது. தேத்தண்ணி இனிக்கிறதுக்கு அது காணும்.

இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்லிவிடுறன், ஏனெண்டா உங்கட மகன் அதையும் எங்கயாவது கண்டு அனுப்பத்தான் போறான். பெக்கா லெவி எண்டவ 2002 இல எழுதினது, ஒஹாயோ மாநிலத்தில ஒரு ஊரில 50 வயசுக்கு மேற்பட்ட 660 பேரை வச்சு. வயசு போறதை நல்லதா நினைச்ச ஆக்கள் மற்றவையை விட ஏழரை வருசம் கூட இருந்தினம் எண்டு வந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனா அந்த ஊரில ஒருத்தரும் ரெண்டு தரம் வீட்டுக் கூரையைக் கழட்டிக்கொண்டு இடம்பெயரேல்ல. அதால சிரிச்சுக்கொண்டிருந்தா ஆயுசு கூடும் எண்டு நான் உங்களுக்கு மருந்துச்சீட்டு எழுதமாட்டன். ஒண்டை மட்டும் அதில இருந்து எடுக்கலாம், நரைக்கு வெக்கப்பட்டு, "இனி எங்களுக்கு என்ன, வயசு போன கட்டையள்" எண்டு எங்கட சனம் சொல்லுற கதை சும்மா கதை இல்லை, அது உடம்புக்குள்ளயும் போகுது, அப்பிடிச் சொல்லுற ஆள் கிளினிக் திகதியையும் விட்டிடும்.

எங்கட பேச்சில பாருங்கோ, வயசு "போகுது" எண்டுதான் சொல்லுறம். வயசு போன மனுசன், வயசு போன மனுசி. போனது வயசு, நீங்கள் இருக்கிறியள் எண்டும் அதை வாசிக்கலாம். சரி, இது பகிடி.

பகிடி இல்லாத சொல் ஒண்டு இருக்கு. அதை நான் கன நாளா யோசிச்சு வச்சிருக்கிறன். எங்கட வீடுகளில ஆரும் ஆருக்கும் நன்றி எண்டு சொல்லுறேல்ல, அது மைக் பிடிச்சு நன்றியுரை சொல்லுற இடத்துச் சொல். ஒருத்தர் ஆபத்தில கைகுடுத்தா நாங்கள் சொல்லுறது "உங்களை மறக்கமாட்டன்" எண்டுதான். கெட்டவனை ஏசேக்க நன்றி கெட்டவன், நன்றி மறந்தவன் எண்டுறம். அப்ப எங்கட பாசையில நன்றிக்கு எதிர்ச்சொல் என்ன? மறதி. அக்கா, நீங்கள் பயப்பிடுறது என்ன, நான் நன்றியா சந்தோசமா இருந்தா அவையளை மறந்த மாதிரி ஆகிடுமே எண்டு. தமிழில அது அப்பிடி வராது. இருந்திட்டன் எண்டு நன்றி வாற நேரம் எல்லாம் ஆர் இல்லை எண்டதும் கூட வருது, அது நன்றி பழுதாப் போனது இல்லை, நன்றி எண்டதே அப்பிடித்தான் வரும்.

இனி அந்தக் குற்ற உணர்ச்சி. அதைத் தட்டிக்கழிக்க மாட்டன். இதுக்கு உளமருத்துவத்தில பழைய வரலாறு இருக்கு, ஹிட்லரின்ர வதைமுகாம்களில இருந்து தப்பின ஆக்களைப் பாத்த நீடர்லண்ட் எண்ட வைத்தியர் 1960களிலயே எழுதினவர், மிஞ்சின ஆக்களுக்கு நான் ஏன் மிஞ்சினன் எண்ட பாரம் வருசக்கணக்கா இருக்குமெண்டு. எங்கட பக்கத்தில பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்தைப் பற்றி எழுதேக்க தனி ஆளின்ர மனசு மட்டும் இல்லை, குடும்பம், ஊர் எல்லாம் சேர்ந்து காயப்பட்டது, கூட்டு மனவடு எண்டு சொன்னவர். என்னட்ட வாற ஆக்கள் இந்தச் சொல் ஒண்டும் பாவிக்கிறேல்ல. "அவையின்ர ஆயுசை நான் திண்டிட்டன் போல" எண்டுதான் சொல்லுவினம். ஏதோ வீட்டில ஒரு சட்டி சோறு இருந்த மாதிரியும், நான் ரெண்டு அகப்பை கூடப் போட்டதால அண்ணாவுக்கு இல்லாமப் போன மாதிரியும்.

அப்பிடி ஒரு சட்டி இல்லை அக்கா. பங்கருக்குள்ள இடப்பக்கம் இருந்தவர் போனார், வலப்பக்கம் இருந்தவ இருக்கிறா, ரெண்டு பேரும் ஒரு நிமிசத்துக்கு முதல்தான் இடம் மாறி இருந்தவை, இப்பிடி எத்தினை கதை உங்களுக்கே தெரியும். செல் ஆளைப் பாத்து விழேல்ல. அதை ஒத்துக்கொள்ளுறதுதான் உண்மையில கஸ்டம், ஏனெண்டா ஒத்துக்கொண்டா எங்கட கையில ஒண்டும் இருக்கேல்ல எண்டு ஆகிடும், அது பயங்கரமான நினைப்பு. அதை விட என்ர பிழைதான் எண்டு நினைக்கிறது மனசுக்கு ஒரு விதத்தில லேசு, பிழை எண்டா ஏதோ ஒரு ஒழுங்காவது இருந்திருக்கு எண்டு ஆகுதே. 16 வருசமா இந்த வேலை செய்து நான் கண்டது, சனம் குற்ற உணர்ச்சியை விடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது அதுக்காகவும்தான். இது ஒரு நாளில போகாது. ஆனா அது வாற நேரம் அதுக்குப் பேர் தெரிஞ்சிருந்தா உங்களை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகாது.

அண்ணா இருந்தா நீங்கள் சந்தோசமா இருக்கிறதைத்தான் விரும்பியிருப்பார் எண்டு கன பேர் சொல்லியிருப்பினம். நான் சொல்லமாட்டன். எனக்கு அவரைத் தெரியாது, உங்களுக்கும் 27 வயசு மட்டும்தான் தெரியும், 62 வயசில அவர் எப்பிடிப்பட்ட மனுசனா இருந்திருப்பார், நல்ல மனுசனோ, வளவுப் பிரச்சினையில உங்களோட கதைக்காம விட்டிருப்பாரோ, ஆருக்குத் தெரியும். இறந்த ஆக்களை நாங்கள் தெய்வம் மாதிரி ஆக்கிப்போட்டு பிறகு அவையளுக்குப் பயந்து வாழுறம். உங்களுக்கு அண்ணா கோவிக்கிறதுக்கும் உரிமை இருந்த ஒரு சாதாரண அண்ணா, சைக்கிள் மிதிக்கத் தெரிஞ்ச அண்ணா. அவரை அப்பிடியே வச்சிருங்கோ.

பேரனுக்கு என்ன சொல்லுறது எண்டு நீங்கள் கேக்கேல்ல, குசினிக்குள்ள போட்டன் எண்டுதான் எழுதியிருக்கிறியள், ஆனா நான் சொல்லுறன். அவன் திரும்பக் கேப்பான், கேக்காட்டி நீங்களே கூப்பிடுங்கோ. இது என்ர அண்ணா, உனக்குத் தாத்தா முறை எண்டு சொல்லுங்கோ. இவரோ தாத்தா எண்டு சிரிப்பான், மீசை கூட ஒழுங்கா இல்லையே எண்டுவான், சிரிக்க விடுங்கோ, நீங்களும் சிரியுங்கோ. முதல்ல சாவைச் சொல்ல வேண்டாம், சைக்கிளையும் பாலைப்பழத்தையும் சொல்லுங்கோ, பிறகு எப்பிடிச் செத்தவர் எண்டு கட்டாயம் கேப்பான், அப்ப பிளேன் குண்டு போட்டதில செத்தவர் எண்டு ஒரு வரியில உண்மையைச் சொல்லுங்கோ. ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு அது காணும். பொய் சொல்ல வேண்டாம். அவங்கள் பொய்யைக் கண்டுபிடிச்சா அடுத்த கேள்வியை எங்களிட்டக் கேக்கமாட்டாங்கள்.

இப்ப ஹோலும் கேக்கும். இதில எனக்கு கோவம் வாற இடம் ஒண்டு இருக்கு, அதை முதல்ல கொட்டிவிடுறன். 60 வருசம் சுத்தி பிறந்த வருசப் பேர் திரும்பி வாறதை எங்கட சனம் பெரிசாத்தான் கொண்டாடும், ஆனா அது அறுபதாம் கலியாணம், அவருக்கு 60, பக்கத்தில அவ. அவர் இல்லாத அவவுக்கு 60 வந்தா சடங்கில ஒரு இடமும் இல்லை. வன்னியில அவர் இல்லாம வீடு கட்டி, பிள்ளை படிப்பிச்சு, கலியாணம் செய்து குடுத்த பொம்பிளையள் எத்தினை பேர், எல்லாத்தையும் செய்துபோட்டு ஆலாத்தி எடுக்கிற நேரம் மட்டும் பின்னுக்குப் போய் நிக்கிற பொம்பிளையள் எத்தினை பேர். உங்கட வெக்கத்தில ஒரு பங்கு அண்ணாவுக்கும் அவருக்கும் இல்லை அக்கா, இந்தப் பின்னுக்கு நிண்ட பழக்கத்துக்குத்தான். மனம் வரேல்ல எண்டு எழுதினீங்களே, அதில எவ்வளவு துக்கம், எவ்வளவு "சனம் என்ன சொல்லும்" எண்டதை ஒருக்கா நீங்களே பிரிச்சுப் பாருங்கோ. துக்கம் எண்டா அதுக்கு மரியாதை குடுப்பம். சனம் எண்டா, சனம் உங்களுக்கு 2010 இல தகரம் தூக்கித் தரேல்ல.

மகனுக்கும் ஒரு நியாயம் இருக்கு. அவன் தூரத்தில இருந்து அம்மாவுக்கு ஏதாவது செய்யோணும் எண்டு துடிக்கிறான், அவனுக்கும் அப்பா 48 இல போனவர்தானே, 60 ஐ அவன் ஒரு பெற்றோரில காணுறது இதுதான் முதல் தரம், இனி அது ஒரு தரம்தான். அதால வேண்டாம் எண்டு வெட்டிச் சொல்லாதேங்கோ, ஹோல் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உங்கட முத்தத்திலயே செய்யலாம். சில குடும்பம் பிள்ளையள் இல்லத்தில ஒரு நேரச் சாப்பாடு குடுக்கினம், அது நல்லது, ஆனா அதையும் துக்கத்துக்குக் குடுக்கிற கப்பம் மாதிரிச் செய்ய வேண்டாம், உங்களுக்கு எண்டும் ஏதாவது இருக்கோணும். எனக்கெண்டா ஒடியல் கூழ் காய்ச்சச் சொல்லுவன், பலாவிலையைக் கோலிக்கொண்டு எல்லாரும் சுத்தி இருந்து குடிக்கிறது, கூழுக்கு முன்னுக்கு பின்னுக்கு எண்டு இடம் இல்லை. காலமை கோயிலுக்குப் போய் அவையின்ர பேரில விளக்கு வைக்கோணும் எண்டா வையுங்கோ, பின்னேரம் கேக் வெட்டுங்கோ. வருசாவருசம் வைகாசியில சிரட்டையில முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிக்கிற அதே வாய்தானே ஆவணியில பாயாசமும் குடிக்குது, ஒண்டு மற்றதைப் பொய்யாக்குதோ? போன் வீடியோவில மகன் கேக் வெட்டுங்கோ அம்மா எண்டு கத்தேக்க கண்ணீர் வந்தா துடைக்காம வெட்டுங்கோ, அவன் பயப்பிடமாட்டான்.

இந்த இடத்தில ஒரு பக்கக் கதை. இதை வாசிக்கிற ஆக்களில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ர அம்மா அப்பாவும் இருப்பினம். கிளிநொச்சியில 2017 மாசி 20 ஆம் திகதி கந்தசாமி கோயிலடியில தொடங்கி இருந்த போராட்டத்தில இருந்த அம்மாமாரில கன பேர் பதில் தெரியாமலே கண்ணை மூடிப் போட்டினம். அங்க ஒரு அம்மாவோட கதைச்சால் இப்ப அவனுக்கு 38, வாற மாசம் 39 எண்டு வயசை ஏத்திக்கொண்டே போவா. அவையளுக்கு நான் இங்க அக்காவுக்குச் சொன்னது பொருந்தாது. போலின் பொஸ் எண்ட அமெரிக்கக் குடும்பநல சிகிச்சையாளர் அதை வேற பேரில சொன்னவ, முடிவு தெரியாத இழப்பு எண்டு, அதில நன்றியும் குற்றமும் வேற கணக்கு. உங்களுக்குத் தனியா ஒரு நாள் எழுதவேணும், எழுதுவன்.

திரும்ப அக்காவிட்ட. ஒண்டைக் கவனிக்கச் சொல்லுறன். இப்ப வாறது வந்து போற நெஞ்சடைப்பு. அது இல்லாம ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை வராம, சோறு இறங்காம, பேரன் வந்தாக் கூட முகம் குடுக்க மனமில்லாம, நானும் போயிருக்கலாம் எண்ட நினைப்பு திரும்பத் திரும்ப வந்தா அது வேற, அதுக்கு மருந்து இருக்கு, வெக்கம் இல்லை. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையிலயும் மாஞ்சோலையில இருக்கிற முல்லைத்தீவு ஆஸ்பத்திரியிலயும் கேட்டா மனநல கிளினிக்குக்கு விடுவினம். இரவில அந்தரமா இருந்தா 1926 க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பினம். சித்திரை வைகாசியில கூடுதலா இருக்கும், அது உடம்பு கலண்டர் பாக்கிறது, பயப்பிடாதேங்கோ, ஆனா அந்த மாசத்தில தனிய இருக்காதேங்கோ.

முழங்காலையும் சும்மா விடாதேங்கோ. வயசு போனா நோகும்தானே எண்டு எங்கட சனம் கால் வீங்கும் மட்டும் இருக்கும். கிளினிக்கில காட்டுங்கோ, சீனி, பிரசர் ரெண்டையும் பாத்துக்கொள்ளுங்கோ, 60 க்குப் பிறகு இது ரெண்டும் சத்தம் போடாம வாற சாமான். அதோட நீங்கள் எழுதேல்ல, ஆனா வன்னியில இதைக் கேக்காம விடேலாது, உடம்புக்குள்ள பீஸ், செல் துண்டு, ஏதும் கிடக்கோ? கிடந்தா, சின்னது, நோகிறேல்ல எண்டாலும் எந்த டொக்டரிட்டப் போனாலும் முதல்லயே சொல்லுங்கோ, முக்கியமா எம்ஆர்ஐ ஸ்கான் எண்டு எழுதித் தந்தா. அது பெரிய காந்தம், இரும்புத் துண்டு உள்ளுக்க அசைஞ்சா ஆபத்து. ஒரு ஐயா, தோளில கிடந்த பீஸை மறந்தே போனவர், ஸ்கான் அறை வாசலில செருப்பைக் கழட்டேக்க ஞாபகம் வந்து சொல்லித் தப்பினவர். 16 வருசம் கூட இருந்ததை ஆர் ஞாபகம் வச்சிருக்கிறது எண்டு அவரே சொல்லிச் சிரிச்சவர்.

மற்றது, 60 ஆன கையோட முதியோர் அடையாள அட்டைக்குப் போடுங்கோ. கன பேர் இதை எடுக்கிறேல்ல, கிழவி எண்டு காட் தரப்போறாங்களோ எண்டு கோவம். 2000 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டத்தில வந்த உரிமை அது, பிச்சை இல்லை. ஆஸ்பத்திரி வரிசையிலயும் வங்கியிலயும் முன்னுக்கு விடுவினம், முன்னுக்கு எண்ட சொல்லைக் கவனியுங்கோ அக்கா. விதானையிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனா மிச்சத்தை அவையள் சொல்லுவினம்.

அதுக்குப் புதுப் படம் எடுக்கவேண்டி வரும். ஸ்டூடியோவுக்குப் போகேக்க அண்ணாவின்ர படத்தையும் கழட்டிக் கொண்டு போங்கோ, சொப்பிங் பையில வேண்டாம், ஒரு கொப்பிக்குள்ள வச்சு, அந்த நன்றிக் கொப்பியில பேரன் கீறாத ஒற்றை இருந்தா அதுக்குள்ள. ஸ்கான் பண்ணி கழண்ட மூலையை இப்ப கம்பியூட்டரில சரிப்படுத்தித் தருவினம், பெரிய காசு இல்லை. படத்தை ரெண்டு பிரதி போடச் சொல்லுங்கோ, ஒண்டை கனடாவுக்கு அனுப்பலாம்.